சிவப்பு எண்ணெயும் ஆயிரங்கண் பானையும்

கொஞ்சம் நீளமான கதை. டீ, காபி ஏதாவது எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

எங்கப்பாவுக்கு வாழ்க்கையில கொள்கைன்னு பெருசா எதுவும் கிடையாது, ஒண்ணே ஒண்ணைத் தவிர. "ஓடுறதை நோண்டாதே." மிக்ஸில இருந்து மோட்டார் வரைக்கும் இதுதான். நானோ நேர் எதிர். ஓடுறதைப் பிரிச்சுப் பார்த்து, மிச்சம் வர்ற ரெண்டு ஸ்க்ரூவை யாருக்கும் தெரியாம டப்பாவுல போட்டு வைக்கிற ஜாதி :-)

இந்த ரெண்டு கொள்கையும் மோதிக்கிட்ட இடம் ஒரு கியர்பாக்ஸ்.

முதல்ல வண்டியப் பத்திச் சொல்லிடறேன். 2010 மாடல், கொரியா கம்பெனி வண்டி, சின்னக் கார்தான். நாலு கியர் ஆட்டோமேட்டிக். பேர் வேண்டாம், ஏன்னா தப்பு வண்டி மேல இல்ல. 2014-ல செகண்ட் ஹேண்டா வாங்கினோம். அதுக்கு முந்தின வருஷம் நாலுவழிச் சாலையில அப்பாவோட டிவிஎஸ்ஸ ஒரு வேன் தட்டி விட்டுட்டுப் போயிருச்சு. இடது கணுக்கால்ல ப்ளேட்டும் ஸ்க்ரூவும் வச்சாங்க. நடக்க முடியும், ஆனா கிளட்ச் மிதிக்க முடியாது. சாத்தூர்ல முப்பது வருஷமா தீப்பெட்டியாபீஸ்ல கணக்குப் பார்த்த மனுஷன். ஊர்ல ஒரு கல்யாணம், காதுகுத்து, துட்டி விடாம போய்வந்தவர். அவர் ஆறு மாசம் திண்ணையில உக்காந்து ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அந்த ஆறு மாசத்துல அவரு பேசினதை விட எங்க வீட்டு ரேடியோ பேசினதுதான் ஜாஸ்தி.

அப்பத்தான் இந்த வண்டி வந்துச்சு. இடது காலுக்கு வேலையே இல்ல. வலது காலு போதும். தெருவுல எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தாங்க. "என்னண்ணாச்சி, கிளட்சே இல்லையாமே?"ன்னு ஆளாளுக்குக் கேக்க, அப்பா கதவைத் திறந்து வச்சு ரெண்டு பெடலையும் காட்டிக்கிட்டே இருந்தாரு. மறுபடி கல்யாணம், காதுகுத்து, துட்டி எல்லாம் ஆரம்பிச்சுது. அது கார் இல்லீங்க, அவரோட இடது காலு.

இனி நான் பண்ணின காரியம்.

2023 ஜூன்ல லீவுக்குப் போயிருந்தேன். மீட்டர் 96,000 காட்டுச்சு. கியர்பாக்ஸ் எண்ணெய் மாத்தினதா ஒரு பில்லும் இல்ல. டிப்ஸ்டிக்க உருவிப் பார்த்தேன். அந்த எண்ணெய் புதுசுல நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பா, பளபளன்னு இருக்கணும். எங்க வண்டியில இருந்தது கடுங்காப்பி. மோந்து பார்த்தா தீய்ஞ்ச வாடை.

விவரம் தெரிஞ்சவன்னா அந்த இடத்துலயே நின்னு யோசிச்சிருப்பான். எண்ணெய் கருத்தா வயசாச்சுன்னு அர்த்தம். தீய்ஞ்ச வாடை வந்தா உள்ள ஏதோ தேயுதுன்னு அர்த்தம். ரெண்டும் வேற வேற சேதி. நான் ரெண்டையும் ஒண்ணாப் படிச்சேன். 'அடடா, எண்ணெய் பழசாயிருச்சு, மாத்திட்டா சரியாயிரும்.'

அப்பாகிட்ட சொல்லல. சொன்னா கொள்கை வந்து குறுக்க நிக்கும். "சும்மா ஒரு சுத்து போயிட்டு வரேம்ப்பா"ன்னு சாவிய வாங்கிட்டுப் பக்கத்து டவுன்ல ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். வண்டியோட புத்தகத்துல 'எஸ்.பி. 3' வகை எண்ணெய்தான் ஊத்தணும்னு போட்டிருக்கு. அவங்ககிட்ட இருந்தது டெக்ஸ்ரான் 3. "சார், எல்லா ஆட்டோமேட்டிக்கும் இதான் சார், சிவப்பு எண்ணெய்"ன்னாங்க. நானும் பார்த்தேன். சிவப்பாத்தான் இருந்துச்சு. "மெஷின் வச்சு ஃப்ளஷ் பண்ணிடலாம், ஒரு சொட்டு பழசு இருக்காது"ன்னாங்க. ஆஹா, சுத்தம்னா சுத்தம்னு தலையாட்டிட்டேன்.

திரும்பி வரும்போது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. கியர் மாறுறதே தெரியல. எனக்கு ஒரே பெருமை. அது வழவழப்பு இல்ல, வழுக்கல்னு பிறகுதான் தெரிஞ்சுது. சாவிய ஆணியில மாட்டிட்டு, வாயையும் மூடிக்கிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

அடுத்த மாசம், ஜூலை 30, ஞாயித்துக்கிழமை. ஆடி மாசம். இருக்கன்குடிக்குக் கெளம்பினோம்.

எங்க பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக: சாத்தூர்ல இருந்து கிழக்க ஏழெட்டு கிலோமீட்டர். அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடத்துல மாரியம்மன் கோயில். இரண்டு ஆறுகளுக்கு நடுவுல இருக்கிற ஊர், அதனால 'இரு கங்கைக் குடி'தான் இருக்கன்குடி ஆச்சுன்னு பேர்க்காரணம் சொல்லுவாங்க. ஆடி கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்குல கூட்டம் வரும். நடந்து வர்றவங்க, டிராக்டர்ல வர்றவங்க, லோடு வேன்ல ஆடு கோழி சகிதமா வந்து ராத்தங்குறவங்கன்னு ஆத்து மணலே ஒரு தனி ஊராயிடும். அந்த நெருக்கடி வேண்டாம்னுதான் ரெண்டு வாரம் முன்னாடியே போனோம். அன்னிக்கும் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல.

இந்த அம்மனுக்குக் கண் நேர்த்தி விசேஷம். கண்ணுல கோளாறுன்னா கண்மலர் வாங்கிப் போடுவாங்க, ஆயிரங்கண் பானை எடுப்பாங்க. உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கிற மண்பானை. அம்மாவுக்கு 2022-ல ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் நடந்து நல்லபடியா பார்வை தெரிஞ்சுது. அந்தக் கடன் பாக்கி இருந்துச்சு.

வண்டிய அப்பாதான் ஓட்டினாரு. நான் பக்கத்துல. அம்மா பின்னாடி மாவிளக்குக் கூடையோட. ரோடு பூரா மஞ்சத்துணி கட்டின ஜனம். நடந்து போறவங்க வேகத்துலதான் வண்டி போகும். பத்தடி நகரும், நிக்கும். வெயில் ஒரு பக்கம் காய்ச்சுது. கோயிலுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது முதல் தடவையா அந்தச் சத்தம். அப்பா மிதிக்கிறாரு, இன்ஜின் 'ம்ம்ம்'னு கத்துது, வண்டி ஒரு நொடி கழிச்சு 'டக்'குன்னு குதிக்குது. அப்புறம் ரெண்டு நொடி. அப்புறம் மூணு. கடைசியா இன்ஜின் மட்டும் கத்துச்சு. வண்டி அசையல. பின்னாடி நூறு ஹாரன்.

அப்பா ஒண்ணுமே பேசல. லீவரை 'என்'-க்குத் தள்ளிட்டு ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வச்சு உக்காந்திருந்தாரு. அந்தத் திண்ணையில உக்காந்திருந்த அதே முகம்.

நடந்து போன பையங்க நாலு பேர் "தள்ளுங்கப்பா"ன்னு ஓரத்துக்குத் தள்ளி விட்டுட்டுப் போனாங்க. ஒரு டிராக்டர்க்காரர் கயிறோட வந்தாரு. "சாத்தூர் வரைக்கும் இழுத்து விட்டுர்றேன் அண்ணாச்சி." நல்ல மனசு. ஆனா ஆட்டோமேட்டிக்க அப்படி இழுக்கக் கூடாது. உள்ள இருக்கிற எண்ணெய் பம்ப்பைச் சுத்துறது இன்ஜின். இன்ஜின் நின்னிருக்க, சக்கரம் மட்டும் உருண்டா, உள்ள எல்லாம் எண்ணெய் இல்லாம உராயும். முன்சக்கரம் ஓட்டுற வண்டின்னா அந்த முன்சக்கரத்தைத் தூக்கணும், இல்ல முழு வண்டியையும் லாரி மேல ஏத்தணும். இதை மட்டும் நான் எங்கயோ படிச்சிருந்தேன். ஊத்துற எண்ணெயப் பத்தி ஏன்டா படிக்கலன்னு கேக்காதீங்க.

அம்மா கூடைய எடுத்து இடுப்புல வச்சாங்க. "நடந்து வரணும்னு ஆத்தா நெனச்சிருக்கா. நீங்க வண்டியப் பாருங்க"ன்னு கூட்டத்தோட கலந்துட்டாங்க. புதுக் கண்ணோட ரெண்டு கிலோமீட்டர் நடந்து, பானை எடுத்துட்டு, சாயங்காலம் யாரோ ஒரு குடும்பத்தோட லோடு ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. அன்னிக்கு எங்க மூணு பேர்ல போன காரியத்தை முடிச்சது அவங்க மட்டும்தான்.

வண்டி லாரி ஏறி மதுரைக்குப் போச்சு. கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக். அம்பது வயசு இருக்கும், பேச்சு கம்மி. நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டாரு. அப்பாவும் வந்தே தீருவேன்னு கூட வந்தாரு.

கீழ்த்தட்டைக் கழட்டி வச்சிருந்தாரு. அதுல இருக்கிற காந்தத்துல இரும்புப் பொடி கண் மை மாதிரி அப்பிக் கிடந்துச்சு. பக்கத்துல பேப்பர் விரிச்சு வளையம் வளையமா தகடுகள். அதைக் காட்டித்தான் பாடம் நடத்துனாரு. எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன்.

ஆட்டோமேட்டிக்ல கிளட்ச் இல்லைன்னு சொல்றோமே, அது பொய். கால் வச்சு மிதிக்கிற கிளட்ச்தான் இல்ல. உள்ள பல கிளட்ச் இருக்கு. இரும்புத் தகடு, உராய்வுத் தகடு, இரும்பு, உராய்வுன்னு மாத்தி மாத்தி அடுக்கு. எண்ணெயோட அழுத்தம் அந்த அடுக்கைச் சேர்த்து அமுக்கினா கியர் விழுது. விட்டா கழண்டுக்குது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல எதிரெதிரே ரெண்டு ஃபேன் வச்ச மாதிரி ஒரு சமாச்சாரம். ஒண்ணு சுத்தினா எண்ணெய் போய் இன்னொண்ணைச் சுத்த வைக்கும். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஆக, அந்த எண்ணெய்தான் அமுக்குது, அதுதான் சுத்துது, அதுதான் குளிர வைக்குது, அதுதான் வழுக்கவும் செய்யுது. அதுக்கு மேல, தகடும் தகடும் சேரும்போது எவ்வளவு வழுக்கணும், எப்பப் பிடிக்கணும்கிறதையும் அதுதான் முடிவு பண்ணுது.

"அந்த உராய்வுத் தகடு மேல ஒட்டியிருக்கிறது என்னது?"ன்னு அப்பா கேட்டாரு.

"பேப்பர் மாதிரிங்கய்யா. நார்ல செஞ்சது."

அப்பா ஒரு தகட்டை எடுத்து விரலால தடவினாரு. கருகி, மொழுமொழுன்னு ஆகி, சில இடத்துல இரும்பே தெரிஞ்சுது. "பக்கமருந்து தேஞ்ச தீப்பெட்டி"ன்னாரு. "எத்தன குச்சிய உரசினாலும் பத்தாது."

மெக்கானிக் முதல் தடவையா சிரிச்சாரு. "கரெக்ட்டுங்கய்யா. அதேதான்."

எண்ணெய்க்கு வர்றேன். சிவப்பு நிறம் வெறும் சாயம். ஒழுகினா இது கியர்பாக்ஸ் எண்ணெய்னு கண்டுபிடிக்கிறதுக்காகப் போடுறது. ரெண்டு எண்ணெய் ஒரே சிவப்பா இருக்கிறதால ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்கிறது, ரெண்டு மத்தாப்புக்கும் ஒரே கலர் பேப்பர் சுத்தியிருக்குன்னு உள்ள ஒரே மருந்துன்னு நெனைக்கிற மாதிரி. சிவகாசிப் பக்கம் பொறந்துட்டு எனக்கு இது தோணல பாருங்க.

இதுல ஒரு பழைய கதை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல ஹைட்ராமேட்டிக்னு அறிவிச்சு, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்கள்ல போட்டாங்க. பெரிய அளவுல தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். பிற்பாடு வந்த கியர்பாக்ஸ் எண்ணெய்கள்ல உராய்வைப் பதமா வச்சுக்க எதைக் கலந்தாங்க தெரியுமா? திமிங்கல எண்ணெய். ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெய்! 1970-ல அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியுற உயிரினப் பட்டியல்ல சேர்க்கவும், அந்த எண்ணெயைக் கைவிட்டு மாற்று தேட வேண்டியதாச்சு. ஆரம்பத்துல வந்த மாற்றுகள் சரியா அமையாம கியர்பாக்ஸ்கள் தொந்தரவு குடுத்துச்சு. கலவையில ஒரு சாமான் மாறினதுக்கே அந்தப் பாடு. நான் கலவையையே மாத்தி ஊத்தியிருக்கேன்.

"அப்ப எண்ணெய் மாத்தினதாலதான் கெட்டுச்சா?"ன்னு கேட்டேன். இது பல பேரு சொல்ற கதை. 'பழைய வண்டியில கியர் எண்ணெய் மாத்தாதே, மாத்தினா படுத்துரும்.'

அவரு தலையாட்டல. "பாதி உண்மை சார்"ன்னாரு. தகடு ஏற்கெனவே தேஞ்சிருக்கு. தேஞ்ச பொடி பழைய எண்ணெய்ல கலந்து சொரசொரப்பு குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. அந்தச் சொரசொரப்புல வண்டி எப்படியோ பிடிச்சு ஓடியிருக்கு. புது எண்ணெய் வந்து அதைக் கழுவி விட்டுருச்சு. மெஷின் வச்சு அழுத்தமா அடிச்சதுல மூலையில கிடந்த கசடு கெளம்பி வால்வுப் பெட்டியில போய் அடைச்சிருக்கு. ஊத்தினதும் அந்த வண்டிக்கான எண்ணெய் இல்ல. போதாததுக்கு அளவும் கம்மி. "கெட்டது முன்னாடியே கெட்டிருச்சு சார். பழைய எண்ணெய் அதை மூடி வச்சிருந்துச்சு. நீங்க மூடிய எடுத்தீங்க. எடுத்த விதமும் தப்பு."

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாரு. "எத்தன நாளா வழுக்குது?"

"எண்ணெய் மாத்தினதுக்கப்புறம்தான்..."ன்னு இழுத்தேன். சொல்லும்போதே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அப்பாவுக்கு எண்ணெய் மாத்தின விஷயமே தெரியாதே!

ஆனா அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னாரு. "ஒன்றரை வருஷமா."

எனக்குப் புரியல.

"காலையில ஸ்டார்ட் பண்ணா டி-ல போட்டதும் எடுக்காது. மூணு எண்ணணும். பாலம் ஏறும்போது நாப்பதுல கால லேசா எடுத்துட்டுத் திரும்ப மிதிச்சாத்தான் அடுத்த கியர் விழும். பழகிட்டேன்."

ஒன்றரை வருஷம்! அந்தக் காலத்துல நான் ஏழெட்டுத் தடவை ஊருக்குப் போயிருக்கேன். பக்கத்து சீட்டுல உக்காந்து போன் நோண்டிக்கிட்டே வந்திருக்கேன். அவரு மூணு எண்ணினதும் தெரியல, பாலத்துல கால எடுத்ததும் தெரியல.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவே? 'வயசாச்சு, வண்டிய வித்துரலாம், எங்க போகணும்னாலும் ஆட்டோ வச்சுக்கோங்க'ன்னுவே."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு எழுத்து மாறாம அப்படியே.

"நீ ஏன் எண்ணெய் மாத்தினதைச் சொல்லல?"ன்னு கேட்டாரு. தெரிஞ்சிருக்கு. மறுநாளே தெரிஞ்சிருக்கு. நாப்பதுல விழுந்த கியர் முப்பத்தஞ்சுல தடுமாறினா அவருக்குத் தெரியாதா? ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு கியர்பாக்ஸைக் கொன்னிருக்கோம். ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா எஸ்.பி. 3 எண்ணெயும் நாலஞ்சு தகடும் போட்டுச் சின்னச் செலவுல முடிஞ்சிருக்கும்.

மெக்கானிக் நைஸா எழுந்து டீ சொல்லப் போயிட்டாரு.

செலவு 58,000 ரூபாய். வண்டிய வித்தா ஒன்றரை லட்சம் தேறுமான்னு சந்தேகம். சொந்தக்காரங்க எல்லாம் "அந்தக் காசுக்கு வேற வண்டி பாரு"ன்னாங்க. நான் அப்பாகிட்ட "உங்க இஷ்டம்ப்பா"ன்னேன். அவரு அந்தத் தகட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "சரி பண்ணுங்க தம்பி"ன்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டாரு. மூணு வாரம் ஆச்சு. ஆடி கடைசி வெள்ளி வண்டி இல்லாமயே போச்சு.

பழைய ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிற புண்ணியவான்களுக்கு, நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டது:

1. முதல்ல மோந்து பாருங்க. சிவப்பு மங்கியிருந்தா மாத்தலாம். தீய்ஞ்ச வாடையோ, எண்ணெய்ல பொடியோ இருந்தா, மாத்துறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க.

2. புத்தகத்துல என்ன வகை போட்டிருக்கோ அது மட்டும். 'எல்லாத்துக்கும் ஒண்ணுதான்'னு யாராவது சொன்னா வண்டிய ரிவர்ஸ் எடுங்க.

3. மெஷின் ஃப்ளஷ் பழைய வண்டிக்கு வேண்டாம். கீழ இருக்கிற போல்ட்டைக் கழட்டி வடிச்சுட்டு, வடிஞ்ச அளவு ஊத்துங்க. ஒரு தடவையில ஏறத்தாழ பாதிதான் வரும், மிச்சம் கன்வெர்ட்டர்ல நிக்கும். கொஞ்சம் ஓட்டிட்டு இன்னொரு தடவை, தேவைன்னா மூணாவது தடவை. மெதுவா மாறட்டும்.

4. அளவு பார்க்கிறது இன்ஜின் ஆயில் மாதிரி இல்ல. டிப்ஸ்டிக் இருக்கிற வண்டியில பெரும்பாலும் இன்ஜின் ஓடிக்கிட்டு, எண்ணெய் நல்லா சூடாகி, சமதரையில நிக்கும்போது, லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை கொண்டுபோய்த் திருப்பிட்டு அப்புறம் பார்க்கணும். உங்க வண்டிக்கு எப்படின்னு புத்தகத்துல இருக்கும். கம்மியா இருந்தாலும் நுரைக்கும், ஜாஸ்தியா இருந்தாலும் நுரைக்கும். நுரையால தகட்டை அமுக்க முடியாது.

5. 'ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்'னு சொல்ற எண்ணெய் இருக்கு. யாரோட ஆயுசுன்னு கேட்டுக்கோங்க.

6. வண்டிய யார் ஓட்டுறாங்களோ அவங்ககிட்ட கேளுங்க. மீட்டரை விட, டிப்ஸ்டிக்க விட, அவங்க காலுக்குத்தான் எல்லாம் தெரியும்.

இந்த ஆறாவதைக் கத்துக்கத்தான் 58,000 ஆச்சு. மத்த அஞ்சும் இலவசம்.

அடுத்த தை மாசம் ஒரு செவ்வாக்கிழமை, கூட்டமில்லாத நாளாப் பார்த்து, மறுபடி இருக்கன்குடி போனோம். அப்பாதான் ஓட்டினாரு. நான் போனைப் பைக்குள்ள வச்சுட்டு அவரு வலது காலையே பார்த்துக்கிட்டு வந்தேன். "என்னடா, காலுல என்ன இருக்கு?"ன்னு கேட்டாரு. ஆத்துல தண்ணி இல்ல, மணல்தான். அம்மா உள்ள போனதும் நாங்க ரெண்டு பேரும் வண்டி நிழல்ல உக்காந்து காராச்சேவு தின்னோம். அப்பத்தான் அவரா சொன்னாரு. "ராத்திரி எதிர்ல லைட் அடிச்சா கொஞ்ச நாளா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. இனிமே ராத்திரி ஓட்டல."

"சரிப்பா. ஒரு தடவை கண்ணைக் காட்டிருவோம்"னு மட்டும் சொன்னேன். விக்கணும், நிறுத்தணும்னு ஒரு வார்த்தை வரல. வாய்ல காராச்சேவு இருந்ததும் ஒரு காரணம். காட்டினதுல புரை ஆரம்பம்னு தெரிஞ்சு, பக்குவமா ஆபரேஷனும் முடிஞ்சுது. பானை எடுக்கிறதா அம்மா அவருக்கும் சேர்த்து நேர்ந்துட்டாங்க.

இப்பல்லாம் வாரம் ஒரு தடவை போன் வரும். "ரிவர்ஸ்ல லேசா ஒரு சத்தம்டா." "எப்ப வருதுப்பா, சூட்டுலயா, காலையிலயா?" அரை மணி நேரம் பேசுவோம். பாதி நாள் வண்டியில ஒரு சத்தமும் இருக்காது. இருந்தாலும் கேட்டுக்கிட்டு இருப்பேன்.